கடல் ஊட்டும் பாலை: நமீபியாவின் எலும்புக்கூட்டுக் கடற்கரை

உகாப் ஆறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசல் இருக்கிறது. இரண்டு கதவு. ஒவ்வொன்றிலும் மண்டையோடு, அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்பு. நம்மூர் மின்மாற்றியில் 'அபாயம்' என்று எழுதி மாட்டியிருப்பார்களே, அதே படம். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இங்கேதான் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு காவலர் அறைக்குப் போய்ப் பெயர், வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்கப் போகிறோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அனுமதிச் சீட்டு கைக்கு வந்ததும் கதவு திறக்கிறது. அங்கிருந்து வடக்கே அங்கோலா எல்லையிலுள்ள குனேனே ஆறு வரை சுமார் 500 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்ல ஒன்று கிடையாது.

நமீபியாவின் எலும்புக்கூட்டுக் கடற்கரைத் தேசியப் பூங்கா என்பது இதுதான். 1971இல் அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து உள்நோக்கிச் சுமார் 40 கிலோமீட்டர் அகலம், மொத்தம் 16,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். ஆப்பிரிக்கச் சுற்றுலா என்றதும் மனதில் வரும் காட்சி எதுவும் இங்கே இல்லை. புல்வெளியில் ஆயிரக்கணக்கில் ஓடும் மான்கள் இல்லை, மரத்தடியில் படுத்திருக்கும் சிங்கக் கூட்டத்தைச் சுற்றி நிற்கும் பத்து ஜீப்புகளும் இல்லை. ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டி, இரண்டு ஓரிக்ஸ் மான், ஒரு நரி, கொஞ்சம் காக்கை மட்டும் பார்த்துவிட்டு, "அங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே போனார்கள், அவ்வளவுதான். இந்தப் பூங்காவின் சமையலறை கடலுக்குள் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால், அந்த ஒற்றை நரி ஏன் அங்கே நிற்கிறது என்பதும் பிடிபட்டுவிடும்.

நம் திணை மரபில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துக் காய்ந்தால் அது பாலை. நெய்தல் நேராகப் பாலையாகும் என்று யாரும் வகுத்து வைக்கவில்லை. வகுக்கத் தேவையும் இருந்திருக்காது, நம் கடல் அப்படிப்பட்டதல்ல. இங்கேயோ ஒரு காலை அலையில் நனைத்துக்கொண்டு மறுகாலைப் பாலையில் ஊன்றி நிற்கலாம். இத்தனைக்கும் பூங்கா முழுவதும் மகரக் கோட்டுக்கு வடக்கே, வெப்ப மண்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெருங்கடல் கிடக்க, மழை மட்டும் ஏன் வருவதில்லை?

காரணம் கடலின் குளிர்ச்சி. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே பென்குவேலா நீரோட்டம் போகிறது. நீரோட்டம் மட்டுமே கடலை இவ்வளவு குளிரவைத்துவிடாது. கரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் காற்று ஏறக்குறைய வருடம் முழுவதும் அடிக்கிறது. பூமி சுழல்வதால், தென் அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் திசைக்கு இடப்பக்கம் விலகிப்போகும். இங்கே இடப்பக்கம் என்றால் மேற்கு, அதாவது ஆழ்கடல். மேல்நீர் கரையை விட்டு விலக விலக, காலியான இடத்தை நிரப்ப அடியிலிருந்து தண்ணீர் ஏறி வருகிறது. வெயிலே படாத தண்ணீர் அது. மேலே வந்த பிறகும் பெரும்பாலும் 12 முதல் 16 டிகிரிதான். வெப்ப மண்டலக் கடல் என்று நம்பிக் குளிக்க இறங்கினால் பல் தந்தியடிக்கும்.

குளிர்ந்த கடலுக்கு மேலே இருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. ஈரக்காற்று மேலே ஏறினால்தானே மேகம் திரண்டு மழையாகும்? இங்கே ஏற வழியில்லை. கிழக்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து கிளம்பும் ஈரமோ கண்டத்தைக் கடந்து வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஆக, இரண்டு பக்கமும் அடைப்பு. பூங்காவின் பல இடங்களில் வருட மழை 20 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. மழைக்குப் பதிலாகக் கிடைப்பது மூடுபனி. இரவில் கடல்மேல் திரண்டு, விடியற்காலையில் தரைமேல் ஊர்ந்து, சில நாட்களில் 50 கிலோமீட்டர் உள்ளே வரை போய், முற்பகலில் கலைகிறது.

அந்த மூடுபனியைக் குடித்து உயிர்வாழும் ஒரு வண்டு இருக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய கருவண்டு, விலங்கியல் பெயர் ஓனிமாக்ரிஸ் அங்குயிகுலாரிஸ். பனி வரும் இரவில், குளிரில் விறைத்த காலோடு மணல்மேட்டின் உச்சி விளிம்புக்கு மெல்ல ஏறுகிறது. காற்று வரும் பக்கம் திரும்பி நின்று, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்குகிறது. கிட்டத்தட்டச் சிரசாசனம். பனித் துளிகள் முதுகில் படிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, வழுக்கி வாய்க்கு வருகின்றன. ஒரே பனிக்காலையில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் குடித்துவிடும் என்று 1976இல் ஹாமில்டன், மேரி சீலி ஆகிய இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இணையத்தில் இன்றும் சுற்றும் 'முதுகுக் கொப்புளங்களால் தண்ணீர் பிடிக்கும் வண்டு' வேறு. 2001இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு புகழ்பெற்ற கதை அது. பிற்பாடு சோதித்துப் பார்த்தபோது, அந்தக் கொப்புள வண்டு சிரசாசனம் செய்யவே இல்லை. அதற்குள் அதன் முதுகைப் பார்த்து வலைகளும் பாட்டில்களும் வடிவமைக்கக் கிளம்பிவிட்டார்கள்! உண்மையில் தண்ணீர் பிடிக்கும் வண்டுக்கு அவ்வளவு பெயர் கிடைக்கவில்லை.

அடியிலிருந்து ஏறிவரும் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. செத்து விழுந்த உயிர்களின் சத்தெல்லாம் கடலடியில்தான் தங்குகிறது. அது வெளிச்சத்துக்கு வந்ததும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகுகின்றன, அதைத் தின்ன மத்தியும் நெத்திலியும் வருகின்றன, அவற்றைத் தின்னப் பறவையும், 'சீல்' என்கிற கடல்நாயும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது குமரிமுனையிலிருந்து கேரளக் கரை நெடுகவும் இதே இயக்கம் சில மாதங்களுக்கு நடக்கிறது. மேற்குக் கரையின் மத்திச் செழிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். நமீபியாவில் அது பருவம் பார்த்து நடப்பதில்லை, வருடம் முழுவதும் நடக்கிறது. மழையைத் தடுத்த அதே குளிர்நீர்தான் மீனைக் கொடுத்தது. நிலம் பட்டினி கிடப்பதும் கடல் விருந்து வைப்பதும் ஒரே காரணத்தால்.

இதைக் கண்ணால் பார்க்க, மூக்காலும்தான், பூங்கா வாசலுக்கு முன்பே ஓர் இடம் இருக்கிறது. ஸ்வாகோப்மண்ட் நகரிலிருந்து வடக்கே சுமார் 120 கிலோமீட்டர், கேப் கிராஸ். சீல்களுக்கென்றே ஒதுக்கிய தனிக் காப்பகம். வண்டிக் கதவைத் திறப்பதற்கு முன்பே நாற்றம் வந்துவிடும். கருவாடு, மாட்டுக் கொட்டகை, அழுகிய மீன் மூன்றையும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளலாம். உடுப்பில் ஏறினால் அன்று முழுக்கப் போகாது. பாறைமேல், மணல்மேல், நடைபாதைப் பலகைக்கு அடியிலும்கூட, தென்னாப்பிரிக்க ரோம சீல்கள் கிடக்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் இரண்டு லட்சம் வரை சேரும் என்கிறார்கள். அக்டோபரில் ஆண் சீல்கள் வந்து இடம் பிடிக்கின்றன. கொழுத்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் குட்டிகள் பிறக்கின்றன. கறுப்பாக, ஈரமாக, ஆட்டுக்குட்டி மாதிரியே கத்துகின்றன. மீன் பிடிக்கக் கடலுக்குப் போன தாய் இரண்டொரு நாள் கழித்துத் திரும்பிவந்து, இத்தனை ஆயிரம் குட்டிகளுக்கு நடுவில் தன்னுடையதைக் குரலால் தேடுகிறது. கிட்டே போய் மோந்து பார்த்த பிறகே பால் கொடுக்கிறது. மோப்பம் ஒத்துவராத குட்டியைக் கடித்துத் தள்ளிவிடும்.

மிதிபட்டுச் சாகும் குட்டிகள் ஏராளம். அவைதான் நரிகளின் சாப்பாடு, பழுப்புக் கழுதைப்புலிகளின் சாப்பாடு. ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்கள் இந்தக் கழுதைப்புலியைக் 'கடற்கரை ஓநாய்' என்கிறார்கள். பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வறண்ட மேட்டில் பகலெல்லாம் படுத்திருந்து, இருட்டியதும் இறங்கிவந்து, அலையோரமாக மைல் கணக்கில் நடக்கும். நாம் பார்த்த அந்த ஒற்றை நரியும் இதே பந்தியில் சாப்பிடுகிறதுதான்.

கேப் கிராஸைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். போர்ச்சுக்கீசிய மாலுமி தியோகோ காவ் 1486இல் இங்கே இறங்கி ஒரு கல் சிலுவை நட்டார், ஊர்ப்பெயர் அதிலிருந்துதான் வந்தது. 1893இல் ஜெர்மானியர்கள் அதைப் பெயர்த்துத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நிற்பது நகல். மூலத்தைத் திருப்பித் தருவதாக ஜெர்மனி 2019இல் அறிவித்தது. இன்னொன்று சுற்றுலாத் துண்டறிக்கைகளில் வராது: வருடந்தோறும் ஜூலை முதல் நவம்பர் நடுப்பகுதி வரை நமீபிய அரசு இங்கே சீல் வேட்டைக்கு அனுமதி தருகிறது. தோலுக்காகக் குட்டிகளைத் தடியால் அடிக்கிறார்கள். மீன்வளத்தைக் காக்க, வேலைவாய்ப்புக்கு என்று அரசு காரணம் சொல்கிறது. விலங்குநல அமைப்புகள் ஏற்பதில்லை. காலையில் வேட்டை, பிறகு அதே இடத்தில் சுற்றுலா. இதைத் தெரிந்துகொண்டு போவதுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது.

கரையோரச் சிங்கங்கள்

சிங்கம் கடற்கரையில் இருக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். 1980களில் இங்கே இருந்தன. சீலைப் பிடித்துத் தின்றன. ஒதுங்கிய திமிங்கிலத்தையும் விடவில்லை. வறட்சி கடுமையானபோது உள்நாட்டுக்குள் போய் மாடு ஆடுகளில் கைவைத்தன, கால்நடை வளர்ப்பவர்கள் சுட்டும் விஷம் வைத்தும் கொன்றார்கள். 1990 வாக்கில் கரை வெறிச்சோடிவிட்டது. 1997இல் பிளிப் ஸ்டாண்டர் என்ற ஆய்வாளர் பாலைச் சிங்கங்களைத் தேட ஆரம்பித்தபோது, உள்ளே மலைப்பகுதியில் இருபது போலத்தான் மிஞ்சியிருந்தன. ஊர் மக்களே நடத்தும் சமூகக் காப்பகங்கள் உருவாகிச் சுற்றுலா வருமானம் ஊருக்கும் வரத் தொடங்கியதும் எண்ணிக்கை ஏறியது. கால்நடை வளர்ப்பவர்களோடு மோதல் இன்னும் தீரவில்லை. பின்னாளில் வந்த வறட்சிக்குப் பிறகு எண்ணிக்கை மறுபடி சரிந்தது.

எண்ணிக்கை ஏறியதைவிட வியப்பானது, கடற்கரைக்கு அவை திரும்பிவந்த விதம். எண்பதுகளின் சிங்கங்கள் போனபோது, கடலில் சாப்பாடு இருக்கிறது என்ற அறிவும் அவற்றோடு போய்விட்டது. இடையில் பல வருடம் எந்தச் சிங்கமும் கரையில் வேட்டையாடியதாகப் பதிவில்லை. பிறகு, தாயில்லாத மூன்று இளம் பெண் சிங்கங்கள் ஹோனிப் ஆற்று முகத்துக்கு அருகிலுள்ள ஊற்றுக் குட்டைகளுக்கு வந்தன. முதலில் பிடித்தது பறவைகளை. இரவில் கூட்டமாகத் தூங்கும் நீர்க்காகங்கள், குட்டையில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகள். சிங்கம் கொக்கு பிடிக்கிறதா என்று சிரிக்கலாம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது சிங்கத்துக்கும் பொருந்தும். அதன் பிறகு சீல். ஒன்றரை வருடம் பின்தொடர்ந்து எழுதி 2019இல் ஸ்டாண்டர் வெளியிட்ட கட்டுரைப்படி, அந்த மூன்றும் தின்ற உணவின் எடையில் முக்கால்வாசிக்கு மேல் கடலோர உணவுதான். கற்றுக்கொடுக்கத் தாய் இல்லை, தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டன. தெற்குப் பகுதியில் போகும் பயணி சிங்கத்தைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் தூண்டில்காரர்கள் இரவில் கரையோரம் தனியாக நடப்பதை நிறுத்திக்கொள்ள இந்தக் கதை ஒன்றே போதும்.

உள்ளேயிருந்து கடலை நோக்கி வரும் ஆறுகள் உகாப், ஹுவாப், கோய்காப், யூனியாப், ஹோனிப், ஹோருசிப். எல்லாம் மணல் ஆறுகள். வைகையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பல வருடம் வெள்ளம் கடலைத் தொடாது. ஹோனிப்பின் குறுக்கே மணல்மேடுகளே அணைபோல் கிடக்கின்றன. ஆனால் மணலுக்கு அடியில் ஈரம் ஓடுகிறது, அதை நம்பி ஆற்றங்கரையில் மரங்கள் நிற்கின்றன. அந்த நிழல் வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் யானை பாலைக்குள் வருகிறது. தனி இனம் அல்ல, நாம் அறிந்த ஆப்பிரிக்கப் புதர்க்காட்டு யானையேதான், பழக்கம்தான் வேறு. காலாலும் துதிக்கையாலும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிறது. அது போன பிறகு அந்த ஊற்றில் மானும் பறவையும் குடிக்கின்றன. ஓரிக்ஸுக்கு அதுவும் பெரிதாகத் தேவைப்படாது. வெயிலில் உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறினாலும் வியர்த்துத் தண்ணீரை வீணாக்காமல் தாங்கிக்கொள்ளும்; மூளைக்குப் போகும் ரத்தத்தை மட்டும், மூக்கில் குளிர்ந்து திரும்பும் ரத்தம் மூளைக்கு அடியிலுள்ள நாள வலையில் குளிர்வித்து அனுப்புகிறது.

பெயர் வந்த கதை

கடற்கரையின் பெயரிலுள்ள எலும்புகள் பெரும்பாலும் மனிதருடையவை அல்ல. திமிங்கில வேட்டைக் காலத்தில் கரையொதுங்கிய திமிங்கில எலும்புகள் இங்கே வெளுத்துக் கிடந்தன. காய்ந்த நிலத்தில் எதுவும் சீக்கிரம் மக்குவதில்லை. கப்பல்களின் எலும்புகளும் உண்டு. மூடுபனி, வடக்கே தள்ளும் நீரோட்டம், துறைமுகமே இல்லாத அலைமோதும் கரை மூன்றும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? கரை தட்டியவர்களுக்குக் கடலில் சாவு இல்லையென்றால் தாகத்தில் சாவு.

1942 நவம்பர் 29 இரவு, போர்ச் சரக்கோடு லிவர்பூலிலிருந்து நன்னம்பிக்கை முனை வழியாகப் போய்க்கொண்டிருந்த 'டுனெடின் ஸ்டார்' என்ற பிரிட்டிஷ் கப்பல், குனேனேவுக்குத் தெற்கே கடலடியில் எதிலோ மோதியது. தண்ணீர் ஏறியதும் தலைவர் கப்பலைக் கரைப்பக்கம் ஓட்டி மணலில் ஏற்றினார். கப்பலில் 106 பேர். மோட்டார் படகில் பெண்கள், குழந்தைகள் உட்பட 63 பேரை இறக்கியதோடு படகு உடைந்தது. மீதிப் பேரைப் பிற கப்பல்கள் வந்து ஏற்றிக்கொண்டன. கரையிலிருந்த 63 பேருக்கு உதவி வந்த விதம்தான் இந்தக் கடற்கரையின் குணத்தைச் சொல்கிறது. உதவிக்கு வந்த 'சர் சார்லஸ் எலியட்' என்ற இழுவைக் கப்பல் தானே கரை தட்டியது. அதில் ஆங்கஸ் மக்கின்டயர், மதியாஸ் கோராசெப் என்ற இருவர் இறந்தார்கள். உணவும் தண்ணீரும் போட வந்த வெஞ்சுரா குண்டுவீச்சு விமானம் ஆட்களை ஏற்றிப்போகலாமென்று தரையிறங்கி மணலில் புதைந்தது. பிற்பாடு தோண்டியெடுத்துக் கிளப்பியபோது கடலில் விழுந்தது, அதிலிருந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள். தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து கிளம்பிய லாரி அணி, மணலில் புதைவதும் தோண்டுவதுமாக வந்து சேர வாரக்கணக்காயிற்று. கரையில் இறங்கியவர்களில் ஒருவரும் சாகவில்லை. கடைசிக் குழு விண்ட்ஹூக் போய்ச் சேர்ந்தபோது கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. இந்தக் கதையை ஜான் மார்ஷ் 1944இல் நூலாக எழுதினார். 'ஸ்கெலிட்டன் கோஸ்ட்' (எலும்புக்கூட்டுக் கடற்கரை) என்ற அந்த நூலின் பெயர்தான் கடற்கரைக்கே ஒட்டிக்கொண்டது.

'டுனெடின் ஸ்டார்' கிடக்குமிடம் வடகோடியில், சாதாரணப் பயணிக்கு எட்டாது. தெற்கே எளிதாகப் பார்க்கக் கிடைப்பது உகாப் வாசலுக்கு அப்பால் 1976இல் கரை தட்டிய 'சவுத் வெஸ்ட் சீல்' என்ற சிறு கப்பல், அதுவும் இப்போது துருவும் கட்டையுமாகத்தான். ஹுவாப் பக்கம் 1960களில் எண்ணெய் தேடப் போட்ட துளைக்கருவி ஒன்று துருப்பிடித்துச் சரிந்து கிடக்கிறது. படங்களில் பார்க்கும் கம்பீரமான உடைந்த கப்பல்களில் பலவும் இந்தப் பூங்காவைச் சேர்ந்தவை அல்ல. வெகு தெற்கே இருப்பவை. அவற்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

எப்படிப் போவது

பூங்கா இரண்டு துண்டு. உகாப்பிலிருந்து ஹோனிப் வரை உள்ள தெற்குப் பகுதியில் சொந்தமாக வண்டி ஓட்டிப் போகலாம். ஹோனிப்புக்கு வடக்கே உரிமம் பெற்ற நிறுவனங்கள் மூலமாக, பெரும்பாலும் சிறு விமானத்தில்தான் போக முடியும். யானை, சிங்கம், முழங்கும் மணல்மேடுகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் அதிகம். செலவு சாமானியர் கைக்கு எட்டாது. இந்தக் கட்டுப்பாட்டால்தான் வடபகுதி இன்னும் சிதையாமல் இருக்கிறது என்பதும் உண்மை.

தெற்குப் பயணம் ஸ்வாகோப்மண்டில் தொடங்குகிறது. விண்ட்ஹூக்கிலிருந்து அங்கே சுமார் 350 கிலோமீட்டர். வண்டி இடதுபக்கம்தான் ஓடும், நம்மவர்களுக்குப் பழக்கமானது. அங்கிருந்து உகாப் வாசல் சுமார் 200 கிலோமீட்டர். வழியில் ஹென்டிஸ் பே ஊரில் டேங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும்; அதற்கப்புறம் பெட்ரோலை நம்பிப் போகக் கூடாது. ஹென்டிஸ் பேக்கு வடக்கே வரும் சாலை விசித்திரமானது. தாரும் இல்லை, ஜல்லியும் இல்லை. ஜிப்சமும் உப்புநீரும் சேர்த்துக் கெட்டித்த தரை. காய்ந்திருந்தால் தார்ச்சாலை தோற்கும், மூடுபனியில் நனைந்தால் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். விபத்துகள் பெரும்பாலும் வேகத்தால்தான். இன்னும் வடக்கே போனால் வெறும் சரளை.

தங்காமல் கடந்துபோகிறவர்கள் பிற்பகல் 3 மணிக்குள் உள்ளே நுழைந்து, அன்றே உகாப் அல்லது கிழக்கே ஸ்பிரிங்பாக்வாசர் வாசல் வழியாக வெளியேறிவிட வேண்டும். தங்க வேண்டுமானால் டெரஸ் பே, முன்பு வைரம் தோண்டியவர்களின் குடியிருப்பு. முன்பதிவு இல்லாமல் வாசலைத் தாண்ட விட மாட்டார்கள். டோரா பே முகாம் டிசம்பர், ஜனவரியில் மட்டும் தூண்டில்காரர்களுக்காகத் திறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் யூனியாப் ஆற்று முகம். நாணல், நன்னீர்ச் சுனை, சிறு அருவி. கொஞ்ச தூரம் நடக்கப் பாதை உண்டு. என்னைக் கேட்டால் தெற்குப் பகுதியில் அரைநாள் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். பலர் வண்டியை நிறுத்தாமல் போய்விடுகிறார்கள்.

சீல் குட்டிகள் வேண்டுமென்றால் நவம்பர், டிசம்பர். ஆற்றுப்படுகை விலங்குகள் வேண்டுமென்றால் ஜூன் முதல் அக்டோபர். மே முதல் ஆகஸ்ட் வரை சில நாள் கிழக்கிலிருந்து சுடுகாற்று இறங்கும். மணற்புயலில் வண்டியின் வண்ணப்பூச்சே உரிந்துபோகும். எந்த மாதமானாலும் ஸ்வெட்டர் அவசியம். பாலைவனம்தானே என்று பருத்திச் சட்டையோடு வந்து முற்பகல் முழுக்க வண்டிக்குள்ளேயே நடுங்கிக் கிடப்பவர்கள்தான் அதிகம். கிளம்பும் முன் விசா, அனுமதிக் கட்டண விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறுகின்றன.

ஒன்றை மட்டும் விதி என்பதற்காக இல்லாமல், காரணம் தெரிந்தே கடைப்பிடிக்க வேண்டும்: சாலையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது. சரளைத் தரையில் சாம்பல், ஆரஞ்சு நிறத்தில் பொருக்குப்போல் ஒட்டியிருப்பது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். அதுவும் மூடுபனியைக் குடித்து, வருடத்துக்கு இம்மியளவு வளர்கிறது. ஒருமுறை சக்கரம் ஏறினால் அந்தத் தடம் பல பத்தாண்டுக்கு நிற்கும். டமாரா ஆலா என்ற சிறு கடற்பறவை, நரிக்குப் பயந்து, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, இந்த வெற்றுச் சரளையில் ஒரே ஒரு முட்டை இடுகிறது. கூடு கிடையாது. முட்டையின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்று. குனிந்து தேடினாலும் தெரியாது, வண்டிக்குள் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? உலகில் உள்ள டமாரா ஆலாக்களில் பெரும்பாலானவை முட்டையிடுவது நமீபியக் கரையில்தான்.

வேலிக்கு வெளியே

நமீபியாவின் கரை இன்று ஏறக்குறைய முழுவதும் ஒன்றையொன்று தொடும் தேசியப் பூங்காக்கள். 2010இல் டோரோப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது கடைசி இடைவெளி அடைபட்டது. வடக்கே ஆற்றைத் தாண்டினால் அங்கோலாவின் இயோனா பூங்கா. வரைபடத்தில் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் இவை நிலத்தைக் காக்கும் பூங்காக்கள்; எல்லோருக்கும் சோறு போடும் சமையலறையோ அலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1968இல் இந்தக் கடலில் பிடித்த மத்தி சுமார் 14 லட்சம் டன்.  சில வருடத்திலேயே மத்தி சரிந்தது. 1990இல் விடுதலை பெற்ற பிறகு நமீபியா தன் கடலைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தும் மத்தி பழைய நிலைக்கு வரவில்லை. 2018இல் மத்தி பிடிக்கவே தடை போட வேண்டியதாயிற்று. காலியான இடத்தில் சொறி மீன் (ஜெல்லி மீன்) பெருகியது: 2006இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கடலில் சொறி மீன் சுமார் 122 லட்சம் டன், மீன் 36 லட்சம் டன் என்று கணக்கிட்டது. தின்னாமல் விடப்பட்ட மிதவைப் பாசி அடியில் விழுந்து அழுக, அங்கிருந்து கந்தக வாயு அவ்வப்போது கொப்பளித்து வருகிறது. அழுகிய முட்டை நாற்றம் வால்விஸ் பே ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்த நாட்களில் மீன் செத்து ஒதுங்கும். தெற்குத் தீவுகளில் பென்குவின்கள் மத்தி கிடைக்காமல் சத்துக் குறைந்த மீனைத் தின்று மெலிந்து, எண்ணிக்கையில் சுருங்கிவிட்டன. சீல்கள் ஓரளவு சமாளிக்கின்றன, எதையும் தின்னும் வயிறு அவற்றுக்கு.

வந்த வழியே திரும்பாமல் ஸ்பிரிங்பாக்வாசர் வாசல் வழியாக வெளியேறுவது நல்லது. சாலை மணலை விட்டுச் செம்பாறை மலைகளுக்குள் ஏறுகிறது, மூடுபனி பின்தங்கிவிடுகிறது, ஸ்வெட்டரைக் கழற்றலாம். அந்த வழியில் டுவைஃபல்ஃபான்டைன் இருக்கிறது, கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே. 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பாறைச் செதுக்கல்கள் அங்கே உள்ளன. ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், விரலுள்ள பாதத்தோடு ஒரு சிங்கம். சில ஆயிரம் வருடங்களுக்கு முன் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் கல்லால் கல்லைக் கொத்திச் செய்தவை. வழிகாட்டி ஒரு சிவப்புப் பலகைப் பாறையில், கூட்டத்துக்கு நடுவே கையை நீட்டிக் காட்டுவார். பருத்த உடல், துடுப்புக் கால், சின்னத் தலை. சீல்.